சின்னக் கோட்டை என்றொரு பெண்

ஸ்பெயின் தலைநகரில் மாதாவுக்கும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கும் பெயராக இருப்பது ஓர் அரபுச் சொல். அரபுப் பெயர்களைச் சட்டம் போட்டுத் தடை செய்த நாட்டில் அது பிழைத்தது எப்படி?

நவம்பர் 9-ம் தேதி மாட்ரிட் நகருக்கு உள்ளூர் விடுமுறை. பழைய வீதிகளில் மாதா பவனி வரும். தோளில் சால்வையும் தலையில் பூவுமாக, அந்தக் கால மாட்ரிட் உடையில் பெண்கள் கூடுவார்கள். நகர மேயர் மாதாவின் முன் நின்று, 1646ல் நகரசபை செய்துகொண்ட நேர்ச்சையைப் புதுப்பிப்பார். ஆண்டுதோறும் இந்த விழாவுக்கு வந்து நிற்போம் என்பதுதான் நேர்ச்சை.

ஸ்பானிய மொழியில் மேயருக்கு 'அல்கால்தே' என்று பெயர். அரபு மொழியின் 'அல் காதி'தான் அது. நம் ஊரில் காஜி என்கிறோமே, அதே சொல். அவர் தலைவணங்கும் மாதாவின் பெயர் அல்முதேனா. அதுவும் அரபு. சின்னக் கோட்டை என்று பொருள். முஸ்லிம்களிடமிருந்து நகரம் கைமாறியதை நினைவுகூரும் விழாவில், ஒரு காஜி ஒரு சின்னக் கோட்டையின் முன்னால் கைகட்டி நிற்கிறார். கூட்டத்தில் யாருக்கும் இது விசித்திரமாகப் படுவதில்லை.

அன்று அல்முதேனா என்ற பெயருள்ள பெண்கள் எல்லோருக்கும் பெயர் நாள். பிறந்தநாளைப் போலவே பெயருக்குரிய புனிதரின் நாளிலும் வாழ்த்துச் சொல்வது ஸ்பெயினில் பழைய வழக்கம். ஆனால் இந்த வாழ்த்து பெரும்பாலும் மாட்ரிட்டோடு நின்றுவிடும். மரியா, கார்மென், பிலார் போன்ற பெயர்கள் நாடு முழுக்க உண்டு. அல்முதேனா மாட்ரிட்காரர்களின் பெயர். வேறு ஊரில் ஒரு பெண் அந்தப் பெயரைச் சொன்னால், "மாட்ரிட்டா?" என்பதுதான் அநேகமாக அடுத்த கேள்வியாக இருக்கும்.

ஸ்பானியப் பெண் பெயர்களை மொழிபெயர்த்துப் பார்த்தால் முதலில் திகைப்பாக இருக்கும். தோலோரெஸ் என்றால் துயரங்கள். சோலேதாத் என்றால் தனிமை. பிலார் என்றால் தூண். நியேவெஸ் என்றால் பனி. பணக்காரர்களின் கார்மீது பளபளக்கும் மெர்சிடிஸ் கூட ஸ்பானியப் பெண் பெயர்தான். கருணைகள் என்று பொருள். பெற்ற குழந்தைக்குத் துயரம் என்றும் தனிமை என்றும் யாராவது பெயர் வைப்பார்களா? வைக்கவில்லை. முழுப்பெயர் துயரங்களின் மரியா, தனிமையின் மரியா, தூணின் மரியா. மாதாவின் ஒவ்வொரு கோலத்துக்கும் ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு பெயர். நாளடைவில் வீட்டில் கூப்பிடும்போது மரியா உதிர்ந்துவிட, கோலமோ ஊரோ மட்டும் பெயராக நிலைத்துவிட்டது.

நமக்கு இது புதிதல்ல. லூர்து மேரியும் பாத்திமா மேரியும் ஆரோக்கிய மேரியும் இல்லாத தமிழ்க் கத்தோலிக்க ஊர் கிடையாது. லூர்து பிரான்சில் ஓர் ஊர். பாத்திமா போர்ச்சுகலில் ஒரு காலத்தில் கிராமமாக இருந்த ஊர். 1917ல் அங்கே மூன்று சிறுவர்களுக்கு மாதா காட்சி தந்ததாக நம்பிக்கை. அந்தக் கிராமத்தின் பெயரோ நபிகள் நாயகத்தின் மகள் பெயர். போர்ச்சுகலை அரபு மொழி பேசியவர்கள் ஆண்ட காலத்தின் மிச்சம். ஆக, திருச்சியிலோ தூத்துக்குடியிலோ ஒரு பாத்திமா மேரியைக் கூப்பிடும்போது, தெரியாமலே அரேபியா, போர்ச்சுகல், தமிழ்நாடு மூன்றையும் சேர்த்துக் கூப்பிடுகிறோம். அல்முதேனாவின் கதையும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஒரு வித்தியாசம்: அதன் கதையை மாட்ரிட்டில் கால்நடையாகவே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஓபெரா மெட்ரோ நிலையத்தில் இறங்கி மேற்கே நடந்தால் அரண்மனை வரும். அதன் தெற்கே, முற்றத்துக்கு எதிர்ப்பக்கம், அல்முதேனா பேராலயம். அதைத் தாண்டியதும் தரை சட்டென்று ஆற்றுப்பக்கமாகச் சரிகிறது. 'குவெஸ்தா தே லா வேகா' என்ற அந்தச் சரிவில் நாலு எட்டு இறங்கியதும், ஒரு சிறு பூங்காவில் கரடுமுரடான ஒரு மதில் நிற்கிறது. அடியில் சக்கிமுக்கிக் கல், மேலே சுண்ணாம்புக் கல். மாட்ரிட்டில் நின்றுகொண்டிருக்கும் கட்டுமானங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று இது. பூங்காவின் பெயர் எமிர் முகம்மது பூங்கா. எமிர் என்றால் அரசர். தன் தலைநகரைக் கட்டிய முஸ்லிம் அரசர் ஒருவரின் பெயரை ஸ்பெயின் ஒரு பூங்காவுக்கு வைத்திருக்கிறது.

கி.பி. 711ல் வட ஆப்பிரிக்காவிலிருந்து கடலைத் தாண்டி வந்த அரபுப் படையும் பெர்பர் படையும் சில ஆண்டுகளில் ஐபீரியத் தீபகற்பத்தின் பெரும்பகுதியைப் பிடித்தன. ஸ்பானியர்கள் அவர்களை மூர்கள் என்றார்கள். கோர்தோபா அவர்களின் தலைநகரம். 852 முதல் 886 வரை கோர்தோபாவில் ஆண்டவர் முதலாம் முகம்மது. வடக்கே கிறிஸ்தவ அரசுகள் வலுப்பெற்று வந்தன. நடுவில் இருந்த முக்கிய நகரம் டொலேடோ. அதற்கு வடக்கே மலைக்கணவாய்களைக் கண்காணிக்க ஒரு காவல் அரண் தேவைப்பட்டது. மன்சனாரெஸ் ஆற்றைப் பார்த்த ஒரு மேட்டில் அவர் கட்டியதுதான் மைரித். அந்தப் பெயரே பின்னாளில் மாட்ரிட் ஆயிற்று. பாரிசும் ரோமும் லண்டனும் ரோமானியர் காலப் பெருமை பேசலாம். மாட்ரிட்டின் பிறப்புச் சான்றிதழில் இருப்பது ஒரு முஸ்லிம் அரசரின் கையெழுத்து.

அரண் இருந்த இடத்துக்கு அரபு மொழியில் 'அல் முதைனா' என்று பெயர். மதீனா என்றால் நகரம். முதைனா அதன் குறுமை வடிவம். மதில் சூழ்ந்த சிறு நகரம், உட்கோட்டை. தமிழ் வாசகருக்கு மதீனாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நபிகள் நாயகம் அடங்கியிருக்கும் ஊர். நம் ஊரில் அது பெண் பெயராகவும் உண்டு. மதீனாவும் அல்முதேனாவும் ஒரே வேரில் கிளைத்த இரு பெயர்கள். முன்னது இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்ணுக்கு, பின்னது கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணுக்கு. ஸ்பெயினில் இந்த வேர் இன்னும் பல இடங்களில் தலைகாட்டுகிறது. மயோர்க்கா தீவில் பால்மா நகரின் அரச மாளிகைக்கு அல்முதைனா என்றே பெயர். மெதினா தெல் காம்போ, மெதினசெலி என்று ஊர்களும் உண்டு.

வேறொரு விளக்கமும் உண்டு. 'அல்முத்' என்பது தானியம் அளக்கும் பழைய ஸ்பானிய அளவு. நம் மரக்கால் போல. மாதா சிலை கிடைத்த இடம் தானியக் கிடங்கின் பக்கம், அதனால் அல்முதேனா என்பார்கள். மொழியறிஞர்கள் பெரும்பாலும் கோட்டையின் பக்கம்தான். ஆனால் எந்தப் பக்கம் போனாலும் அரபிலிருந்து தப்ப முடியாது. அல்முத் என்ற சொல்லும் அரபுதான்.

சிலை கிடைத்த கதை இப்படிப் போகிறது. மூர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட ஊர்மக்கள் 712ல் மாதா சிலையை மதிலுக்குள் மறைத்து, பக்கத்தில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து, கல்வைத்து மூடிவிட்டார்கள். தலைமுறைகள் போயின. இடம் மறந்துபோயிற்று. 11-ம் நூற்றாண்டின் கடைசியில் மன்னர் ஆறாம் அல்போன்சோ மாட்ரிட்டைப் பிடித்தார். சிலையைத் தேடி மதிலைச் சுற்றிப் பவனி போனார்கள். 1085 நவம்பர் 9 அன்று மதிலின் ஒரு பகுதி தானாகச் சரிந்தது. உள்ளே மாதா. 373 ஆண்டுகளுக்குப் பிறகும் மெழுகுவர்த்திகள் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. மதிலுக்குப் பக்கத்துச் சரிவிலேயே ஒரு மாடத்தில் இந்த நிகழ்ச்சியை நினைவூட்டும் மாதா சிலை இருக்கிறது. போகிறவர்கள் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கதையை வரலாற்றோடு பொருத்த முயன்றால் முதல் அடியிலேயே இடறும். 712ல் சிலையை மறைக்க அங்கே மதில் கிடையாது. மதிலைக் கட்டிய முகம்மது ஆட்சிக்கு வந்ததே அதற்கு 140 ஆண்டுகள் கழித்து. பேராலயத்தில் இப்போது வணங்கப்படும் சிலையும் 15-ம் நூற்றாண்டின் இறுதி அல்லது 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்பது கலை வரலாற்று ஆய்வாளர்களின் கணிப்பு. பக்தருக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்லை. ஆனால் கதை தன்னை அறியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது. மாதாவைக் காப்பாற்றியது மூர்களின் மதில். அந்த மதிலின் பெயரைத்தான் மாதா எடுத்துக்கொண்டாள்.

மேட்டின் மேலே, மாயோர் வீதி முடியும் இடத்துக்குப் பக்கத்தில், அல்முதேனா வீதி என்ற குறுகலான தெரு. அங்கே கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து ஒரு வெண்கல மனிதர் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 1999ல் வைத்த சிலை. 'துருவிப் பார்க்கும் அண்டை வீட்டுக்காரர்' என்று பெயர். எத்தனை பேர் தொட்டுப் பார்த்தார்களோ, பின்பக்கம் தேய்ந்து மின்னுகிறது. அவர் பார்ப்பது சாந்தா மரியா தே லா அல்முதேனா என்ற பழைய கோவிலின் அஸ்திவாரத்தை. மாட்ரிட்டின் பெரிய மசூதி இருந்த இடத்தில் எழுந்த கோவில் அது என்பது மரபு. வீதியை அகலப்படுத்துவதற்காக 1868-69ல் கோவிலையும் இடித்துவிட்டார்கள். மசூதி போய்க் கோவில் வந்தது. கோவில் போய் வீதி வந்தது. பெயர் மட்டும் எங்கும் போகவில்லை.

அந்த வட்டாரத்து ரொட்டிக்கடை ஒன்றில் 'அல்முதேனா கிரீடம்' விற்கிறார்கள். வளையம் போன்ற ரொட்டியை இரண்டாக அறுத்து நடுவில் கிரீம் வைத்த பலகாரம். இந்த விழாவுக்கென்றே செய்வது. கடைக்காரப் பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். அல்முதேனா என்றால் என்ன அர்த்தம் என்று என் அரைகுறை ஸ்பானியத்தில் கேட்டேன்.

"எங்கள் மாதாவின் பெயர். என் மகளுக்கும் அதுதான் பெயர். பெயருக்கு என்ன அர்த்தம்?"

"அரபுச் சொல் என்கிறார்களே?"

"இருக்கலாம். ஊரையே கட்டியது மூர்கள்தானே" என்று தோளைக் குலுக்கியவர், மேலே சர்க்கரை தூவட்டுமா என்று கேட்டார்.

சர்க்கரைக்கு ஸ்பானியத்தில் 'அஸூகார்'. வடமொழிச் சர்க்கரா பாரசீகம் போய், அரபுக்குப் போய், அங்கிருந்து ஸ்பெயினுக்கு வந்த சொல். ஆரஞ்சுக்கு 'நரான்ஹா'. நம் நாரத்தையின் உறவு. அதுவும் அரபு வழிதான். தலையணை, எண்ணெய், பருத்தி என்று வீட்டுக்குள் திரும்பிய பக்கமெல்லாம் அரபுச் சொல் கிடக்கிறது. எண்ணூறு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தால் மொழியில் அது படியாமல் போகாது. தலையணைக்கு யாரும் ஜாதகம் கேட்பதில்லை.

ஆனால் மனிதர்களிடம் கேட்டார்கள். இங்கிருந்துதான் அல்முதேனாவின் கதை கனக்கத் தொடங்குகிறது.

1492ல் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா வீழ்ந்தது. அதே ஆண்டில் யூதர்கள் மதம் மாற வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என்று ஆணை வந்தது. 1502ல் காஸ்டில் அரசில் முஸ்லிம்களுக்கும் அதே கதி. மதம் மாறிய முஸ்லிம்கள் மொரிஸ்கோக்கள் எனப்பட்டனர். ஞானஸ்நானம் பெற்றும் அவர்கள் மீதான சந்தேகம் தீரவில்லை. 1567ன் தொடக்கத்தில் மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆணை கிரனாடாவில் அறிவிக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்குள் எல்லோரும் காஸ்டிலிய மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதன்பின் அரபு மொழியில் பேசக்கூடாது, எழுதக்கூடாது. மூர்களின் உடை கூடாது. குளியல் கூடங்கள் கூடாது. அரபுப் பெயர்கள் கூடாது.

பிரான்சிஸ்கோ நூனியெஸ் முலே என்ற மொரிஸ்கோ முதியவர் இந்த ஆணைக்கு எதிராக ஒரு நீண்ட முறையீடு எழுதிக் கொடுத்தார். அது இன்றும் இருக்கிறது. உடையும் மொழியும் மதம் அல்ல என்பது அவர் வாதம். கிழக்கே அரபு மொழி பேசும் கிறிஸ்தவர்களே இருக்கிறார்களே என்று எடுத்துக்காட்டினார். பழைய குடும்பப் பெயர்களை அழித்துவிட்டால் யார் எந்த வம்சம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். முறையீடு பலிக்கவில்லை. 1568ல் அல்புஹாராஸ் மலைகளில் கலகம் வெடித்தது. அதை அடக்க 1571 வரை ஆயிற்று. கடைசியில் 1609 முதல் 1614 வரை, சுமார் 3 லட்சம் மொரிஸ்கோக்களைக் கப்பலேற்றி நாடுகடத்தினார்கள். ஞானஸ்நானம் பெற்ற பெயர்களோடுதான் அவர்கள் போனார்கள்.

ஆணையிட்ட இரண்டாம் பிலிப் எங்கே வசித்தார்? 1561ல் அரசவையை மாட்ரிட்டுக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். அரண்மனைக்குப் பெயர் அல்காசர். கோட்டை மாளிகையைக் குறிக்கும் 'அல் கஸ்ர்' என்ற அரபுச் சொல். மூர்களின் அரண் இருந்த அதே மேடு. கூப்பிடு தூரத்தில் சாந்தா மரியா தே லா அல்முதேனா கோவில். கிரனாடாவில் ஒரு தாய் தன் குழந்தையை அரபுப் பெயர் சொல்லி அழைப்பது குற்றமாக இருந்த நாட்களில், மன்னரின் வீட்டு வாசலில் மாதாவை அரபுப் பெயர் சொல்லித்தான் அழைத்தார்கள். அது யார் காதிலும் உறுத்தவில்லை. மதமும் ஆயுதமும் ஏந்தியவர்கள் சொல்லின் பொருளைக் கேட்டிருந்தால் ஒருவேளை அதையும் மாற்றியிருப்பார்கள். கேட்கவில்லை. அல்காசர் 1734 கிறிஸ்துமஸ் முன்னிரவில் தீப்பற்றி எரிந்துபோயிற்று; இப்போதைய அரண்மனை அந்த இடத்தில் பிறகு எழுந்தது.

துரத்தப்பட்டவர்களையும் இந்தப் பெயரையும் சேர்த்து யோசித்த எழுத்தாளர் ஒருவர் உண்டு. ஸ்பானிய நாவலின் பெரிய பெயர்களில் ஒருவரான பெனிட்டோ பெரெஸ் கால்தோஸ். 1897ல் வெளிவந்த அவருடைய 'மிசெரிகோர்தியா' மாட்ரிட்டின் பிச்சைக்காரர்களைப் பற்றிய நாவல். தலைப்புக்கு இரக்கம் என்று பொருள். நொடித்துப்போன எஜமானிக்குச் சோறு போடுவதற்காக, அவளுக்குத் தெரியாமல் கோவில் வாசலில் பிச்சை எடுக்கிறாள் பெனினா என்ற வேலைக்காரி. அவளுடைய உற்ற துணை பார்வையில்லாத ஒரு மொராக்கோக்காரர். அவரும் பிச்சைக்காரர். அவரை எல்லோரும் கூப்பிடும் பெயர் அல்முதேனா!

ஆணுக்கு அந்தப் பெயர். மொர்தெகாய் என்ற யூதப் பெயரும் அவருக்கு இருக்கிறது. முஸ்லிமா, யூதரா, கிறிஸ்தவரா என்று பிரிக்க முடியாத மனிதராக, மூன்று மொழி கலந்த பேச்சோடு வருகிறார். எஜமானிக்குச் சொத்து வந்து சேர்ந்ததும் பெனினாவுக்கு வீட்டில் இடமில்லை. நோய் கண்ட அல்முதேனாவுக்கும் எங்கும் இடமில்லை. ஒருவருக்கு ஒருவர் இடமாகிறார்கள். மாட்ரிட் மாதாவின் பெயரை எடுத்து, மூன்று மதமும் கலந்த ஒரு பிச்சைக்காரருக்குக் கால்தோஸ் சூட்டியிருக்கிறார். அதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மாதாவுக்கும் நெடுநாள் வீடு கிடைக்கவில்லை. மாட்ரிட் 1561 முதல் தலைநகராக இருந்தும் டொலேடோ மறைமாவட்டத்தில்தான் இருந்தது. தனிப் பேராலயம் கிடையாது. பழைய கோவிலை இடித்த பிறகு புதியது கட்டும் பேச்சு வலுத்தது. மன்னர் பன்னிரண்டாம் அல்போன்சோ 1878 ஜனவரியில் மெர்சிடிசை மணந்தார். ஐந்தே மாதத்தில், 18 வயதில், ராணி இறந்துவிட்டார். வாரிசு பெறாத ராணிக்கு எஸ்கோரியல் அரச கல்லறை மண்டபத்தில் இடமில்லை என்பது விதி. 1883ல் மன்னர் அல்முதேனா ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். போர், பணமுடை, பாணியைப் பற்றிய தகராறு என்று வேலை இழுத்துக்கொண்டே போனது. 110 ஆண்டுகள் கழித்து, 1993 ஜூன் 15 அன்று போப் இரண்டாம் ஜான் பால் அதை அர்ச்சித்தார். மெர்சிடிசின் உடலை 2000ல் இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். சின்னக் கோட்டையில் கருணைகளுக்கு இடம் கிடைத்தது.

பெயர்களின் மீது அரசு மறுபடியும் கைவைத்தது 20-ம் நூற்றாண்டில். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1938ல், பிராங்கோ தரப்பு அரசு பிறப்புப் பதிவேட்டில் பாஸ்க் மொழிப் பெயர்களுக்கும் கட்டலன் மொழிப் பெயர்களுக்கும் தடை போட்டது. பெயர் காஸ்டிலிய வடிவத்தில் இருக்க வேண்டும். கட்டலன் மொழியில் ஜோர்தி என்றால் பதிவேட்டில் ஹோர்ஹே. 90களின் டென்னிஸ் ரசிகர்கள் மறந்திருக்க முடியாத அரான்சா சான்செஸ் விகாரியோ 1971ல் பிறந்தவர். அவருடைய முழுப்பெயரில் இருப்பது அரான்சாசு என்ற காஸ்டிலிய வடிவம். உலகம் அறிந்த அரான்சா, பாஸ்க் நாட்டு மாதா தலத்தின் பெயரிலிருந்து வந்த செல்லச் சுருக்கம். நாட்டின் எந்த மொழியிலும் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம், பிராங்கோ இறந்த பிறகு 1977ல்தான் வந்தது.

இந்தக் கெடுபிடிகளிலும் அல்முதேனா சிக்கவில்லை. காஸ்டிலியர் அல்லாத அண்டை வீட்டாரின் பெயர்கள் அந்நியம் என்று பதிவேட்டில் மறுக்கப்பட்டபோது, கடல் தாண்டி வந்த மொழியின் சொல் சுத்தமான ஸ்பானியப் பெயராகப் பதிவாயிற்று. 1960ல் மாட்ரிட்டில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு அந்தப் பெயரை எந்தச் சிக்கலும் இல்லாமல் வைத்தார்கள். அந்தக் குழந்தைதான் பின்னாளில் நாவலாசிரியர் அல்முதேனா கிராந்தெஸ்.

1989ல் முதல் நாவலிலேயே புகழ்பெற்ற அவர், பிறகு ஸ்பெயின் பேச விரும்பாத ஒன்றைப் பற்றியே எழுதினார். உள்நாட்டுப் போர், அதில் தோற்றவர்கள், அவர்களைப் பற்றிய மௌனம். 'முடிவற்ற ஒரு போரின் நிகழ்வுகள்' என்று தன் நாவல் வரிசைக்குப் பெயரிட்டது, 'தேசிய நிகழ்வுகள்' எழுதிய கால்தோசுக்குச் செலுத்திய மரியாதை. பெயரில் மாதா இருந்தாலும் அவர் இடதுசாரி. 2021 நவம்பர் 27 அன்று காலமானபோது, அல்முதேனா என்றே பெயருள்ள மாட்ரிட்டின் பெரிய கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய, மதம் சாராதவர்களுக்கான தோட்டத்தில் அடக்கமானார். வந்திருந்த வாசகர்கள் அவருடைய புத்தகங்களைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள். நகரசபை அவருக்குப் பட்டம் கொடுக்கலாமா கூடாதா என்று வலதும் இடதும் மோதிக்கொண்டன. மத்திய அரசு வேறொரு கௌரவம் செய்தது. மாட்ரிட்டின் முக்கிய ரயில் நிலையமான புவெர்தா தே அதோச்சாவின் பெயரோடு அவர் பெயரைச் சேர்த்தது.

அந்த நிலையத்துக்கும் ஒரு வடு உண்டு. 2004 மார்ச் 11 காலையில், அதோச்சா நோக்கி வந்த புறநகர் ரயில்களில் இஸ்லாமியத் தீவிரவாதிகள் வைத்த குண்டுகளில் 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பத்து வாரம் கழித்து, மே 22 அன்று, அல்முதேனா பேராலயத்தில் இளவரசர் பெலிப்பேயின் திருமணம் நடந்தது. இன்று அவர்தான் மன்னர். மணமகள் லெதிசியா தன் கைப் பூச்செண்டை அதோச்சா மாதாவின் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

பெயரில் ஒட்டியிருக்கும் பழைய எதிரியைக் கண்டுபிடித்துக் களையெடுப்பது உலகெங்கும் நடக்கிற வேலை. நம் நாட்டிலும் அலகாபாத் 2018ல் பிரயாக்ராஜ் ஆயிற்று. அவுரங்காபாத் 2023ல் சத்ரபதி சம்பாஜிநகர் ஆயிற்று. ஸ்பெயின் நம்மைவிடப் பெருந்தன்மையான நாடு என்று சொல்ல அல்முதேனா சாட்சியாகாது. 3 லட்சம் பேரைத் துரத்திய நாடு அது. ஆனால் மனிதர்களைத் துரத்தியவர்களால் கூட அவர்கள் கூப்பிட்ட பெயரைத் துரத்த முடியவில்லை என்பதற்கு அது சாட்சி. எஜமானர்கள் வைத்திருந்தால் அடுத்த எஜமானர்கள் மாற்றியிருப்பார்கள். தாய்மார்கள் பெண் குழந்தைகளுக்கு வைத்ததால் நின்றது.

அதோச்சா நிலையத்தின் பெயர்ப் பலகையை மொழிபெயர்ப்பாளர் புத்தியோடு சொல் சொல்லாகத் தமிழாக்கிப் பார்த்தேன். புவெர்தா, வாசல். அதோச்சா, பாயும் கயிறும் திரிக்கிற ஒரு புல். நம் கோரையைப் போல. அல்முதேனா, சின்னக் கோட்டை. கிராந்தெஸ், பெரியவர்கள். கோரைவாசல் சின்னக்கோட்டை பெரியவர்கள்! தஞ்சாவூர்ப் பக்கத்து ஸ்டேஷன் மாதிரி இருந்தது. சிரித்துவிட்டுப் பலகையைத் திரும்பப் பார்த்தால், அதில் மாட்ரிட்டின் இரண்டு பழைய மாதாக்கள் இருந்தார்கள். மாதாவை வணங்காத ஒரு நாவலாசிரியர் இருந்தார். மேட்டில் அரண் கட்டிய ஓர் எமிர் இருந்தார். மேலே அறிவிப்பு கேட்டது. எமிரின் ஊரான கோர்தோபாவுக்குப் போகும் அதிவேக ரயில் புறப்படத் தயாராக இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான பயணம்.